மைனஸ் 30-ல் அடுப்பு எரியாத கப்பல்

இந்தத் தடவை ஒரு கப்பல் கதை. ஆனா அதுக்கு முன்னாடி எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். மெக்கானிக்கல் பசங்களுக்கு இது கண்டிப்பா புரியும், மத்தவங்களும் பொறுத்துக்கோங்க.

எங்க ப்ராஜெக்ட் முருங்கை இலை காயவைக்கிற ஒரு பெட்டி. தகர ஷீட்ல பெட்டி, உள்ளே ஹீட்டர் காயில், சூடான காத்தைத் தள்ள ஒரு சின்ன ஃபேன். உள்ளே 50 டிகிரி வரணும். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் 41-ஐ தாண்டல. நாலு பேரும் உட்கார்ந்து பேசி, இன்னும் பெரிய காயில் வாங்கிடலாம்னு முடிவு பண்ணோம். பட்ஜெட்ல மிச்சம் இருந்ததோ 700 ரூபாய். கைடுகிட்ட போய் நின்னப்போ அவர் கேட்டது ஒண்ணுதான்: உள்ள போற வெப்பம் எங்க போகுதுன்னு பார்த்தீங்களா? பார்க்கல. பெட்டியோட வெளிப்பக்கம் கை வெச்சுப் பார்த்தோம். சுட்டுச்சு. நாங்க இவ்வளவு நாளா லேபைத்தான் காயவெச்சுட்டு இருந்தோம்!

அன்னிக்கு ராத்திரி இன்சுலேஷன் பத்தித் தேடிட்டு இருந்தப்போதான் ஃபிரிட்ஜோஃப் நான்சென் எனக்கு அறிமுகமானார். இவர் பேரை நீங்க வரலாற்றுப் புத்தகத்துல அகதிகளோட நண்பர்னு படிச்சிருக்கலாம், இல்லேன்னா வடதுருவப் பயணின்னு படிச்சிருக்கலாம். எனக்கு அவர் வேற மாதிரி தெரிஞ்சார். கையில இருக்கிற கொஞ்ச வெப்பத்தை வீணாக்காம வெச்சுக்கத் தெரிஞ்ச மனுஷனா தெரிஞ்சார்.

நான்சென் 1861 அக்டோபர் 10-ம் தேதி நார்வேயில் கிறிஸ்டியானியா நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். இன்னைக்கு அந்த ஊர் பேர் ஆஸ்லோ. சின்ன வயசிலேயே பனிச்சறுக்கில் கெட்டி. படிச்சது விலங்கியல். 1882-ல் சீல் வேட்டைக் கப்பல் ஒன்றில் ஆர்க்டிக் பக்கம் போனபோது கிரீன்லாந்தைத் தூரத்திலிருந்து பார்த்தார். அது மனசில் ஒட்டிக்கிச்சு. திரும்பி வந்து பெர்கன் ஊர் மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்து, நரம்பு மண்டலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டத்துக்கு எழுதினார். 1888 ஏப்ரல் கடைசியில் அதுக்கான வைவா. அது முடிந்த சில நாளிலேயே கிரீன்லாந்தைக் குறுக்கே கடக்கக் கிளம்பிட்டார். வைவா முடிஞ்சா நாமெல்லாம் தூங்கத்தான் போவோம், இல்லையா?

பணம்தான் அவருக்கும் பிரச்சனை. கிரீன்லாந்துப் பயணத்துக்கு நார்வே அரசாங்கம் கைவிரித்துவிட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த அகஸ்டின் காமெல் என்ற வியாபாரி 5,000 குரோனர் கொடுத்தார். ஆறே பேர். ஆள் இல்லாத கிழக்குக் கரையில் இறங்கி, ஊர் இருக்கிற மேற்குக் கரையை நோக்கி நடந்தார்கள். பாதியில் திரும்பினால் அங்கே யாரும் இல்லை, அதனால் முன்னே போவது ஒன்றுதான் வழி. உயரத்தில் குளிர் மைனஸ் 40-க்கும் கீழே இறங்கியது. அக்டோபர் ஆரம்பத்தில் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பயணத்தில் அவர் கவனித்த ஒரு விஷயம் நமக்கு முக்கியம். பனிமேல் நடக்கிறவனுக்குச் சாப்பாட்டை விடப் பெரிய தட்டுப்பாடு தண்ணீர். சுற்றிலும் பனி, ஆனால் உருக்கினால்தான் குடிக்க முடியும். உருக்க எரிபொருள் வேணும், எரிபொருளை முதுகிலோ வண்டியிலோ இழுக்கணும். சாதாரண அடுப்பில் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிப் போகிற சூடான காற்று அப்படியே வானத்துக்குப் போய்விடுகிறது. நான்சென் அடுத்த பயணத்துக்கு ஒரு குக்கரைத் தயார் செய்தார். நடுவில் சமைக்கும் பாத்திரம், அதைச் சுற்றி வளையம் மாதிரி பனி உருக்கும் பாத்திரம், தலைக்கு மேல் இன்னொரு தட்டு, எல்லாவற்றையும் மூடி வெளியே ஒரு உறை. சூடான காற்று நடுவில் ஏறி, மேலே தட்டைத் தொட்டு, வெளிப்பக்கமாகக் கீழே இறங்கித்தான் தப்பிக்க முடியும். போகிற வழியெல்லாம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போகணும். எரிபொருளின் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்த முடிந்தது என்பது அவர் கணக்கு. அடுப்பு அதே அடுப்பு. காற்று போகும் பாதையைத்தான் மாற்றினார். நான்சென் குக்கர் என்ற பேரில் பின்னால் வந்த துருவப் பயணிகளும் இதைப் பயன்படுத்தினார்கள்.

இப்போ கப்பலுக்கு வருவோம்.

1881-ல் ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டியில் நசுங்கி மூழ்கியது. மூணு வருஷம் கழித்து அதன் உடைந்த பொருட்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. பனிக்கட்டி ஆர்க்டிக் கடலைக் குறுக்கே கடந்து நகர்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி என்று நான்சென் முடிவு செய்தார். அப்படின்னா ஒரு கப்பலை வேணும்னே பனியில் மாட்டவெச்சு, அந்த ஓட்டத்தோடு துருவத்துப் பக்கம் மிதந்து போனால் என்ன? அனுபவசாலிகள் பலர் இதைத் தற்கொலை என்றார்கள். நார்வே நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு மொத்தம் 2,80,000 குரோனர் கொடுத்தது. மீதியை மன்னரும் தனிநபர்களும் கொடுத்தார்கள். மொத்தச் செலவு சுமார் 4,45,000. அதில் பாதிக்கு மேல் கப்பலுக்கே போனது.

கப்பலைக் கட்டியவர் காலின் ஆர்ச்சர். பெயர் ஃப்ராம், நார்வே மொழியில் முன்னோக்கி என்று அர்த்தம். பனி அழுத்தினால் நசுங்காமல் வழுக்கி மேலே எழும்ப, அடிப்பக்கத்தை உருண்டையாக வடிவமைத்தார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை கப்பலுக்கு உள்ளே இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. 13 பேர், பல வருஷம், சூரியனே வராத மாதக்கணக்கான இரவுகள். வழியில் நிலக்கரி வாங்கக் கடை கிடையாது. ஏற்றிக்கொண்டு போனதுதான் கடைசி வரைக்கும். குளிரை விட மோசமான எதிரி ஈரம். அதுக்கு முன்னாடி ஆர்க்டிக்கில் குளிர்காலம் தங்கிய கப்பல்களில் இதுதான் பெரிய தொல்லை. 1819-20-ல் எட்வர்ட் பாரி என்ற ஆங்கிலேயரின் கப்பல்களில், மாலுமிகளின் மூச்சிலும் சமையலிலும் இருந்து வரும் ஈரம் குளிர்ந்த மரச்சுவரில் பட்டு உறைந்து, படுக்கை வரைக்கும் பனி படர்ந்தது. சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த பயணங்களில் பாரி, சில்வெஸ்டர் என்பவர் வடிவமைத்த அமைப்பை வைத்தார். கீழே ஒரு அடுப்பு, அங்கிருந்து குழாய் வழியாகச் சூடான காற்று கப்பலுக்குள் பரவும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுக்கும் நிலக்கரி வேணும்.

நான்சென் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எவ்வளவு வெப்பம் உண்டாக்கலாம் என்பதை விட, எவ்வளவு வெப்பம் வெளியே போகாமல் தடுக்கலாம் என்று பார்த்தார். ஃப்ராமின் தங்கும் அறைகளின் சுவர் இப்படித்தான் இருந்தது: கப்பலின் பக்கத்தை ஒட்டித் தார் பூசிய கம்பளித் துணி, அடுத்து கார்க், அடுத்து பைன் பலகை, மறுபடி தடித்த கம்பளி, பிறகு காற்று புகாத லினோலியம், கடைசியாக உள்பக்கப் பலகை. மேற்கூரையில் இன்னும் அதிகம்: காற்று இடைவெளி, கம்பளி, பலகை, லினோலியம், கலைமான் முடி, மறுபடி பலகை, மறுபடி லினோலியம், மறுபடி காற்று. மேல்தளப் பலகையும் சேர்த்து மொத்தம் சுமார் 15 அங்குலம். தரைக்குக் கீழே அரை அடி கனத்துக்குக் கார்க். வெளிச்சம் வரும் கூரை ஜன்னலுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கண்ணாடி. கதவுகள் சின்னவை, பல அடுக்கு மரத்துக்கு நடுவில் கம்பளி வைத்தவை, வாசல்படி உயரமானவை. குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் ஓடும், படியைத் தாண்டாது.

ஹீட் டிரான்ஸ்ஃபர் லேபில் காம்போசிட் வால் என்று ஒரு சோதனை செய்வோமே, ஞாபகம் இருக்கா? மூணு தட்டை அடுக்கி, தெர்மோகப்பிள் செருகி, அப்சர்வேஷன் நோட்டில் சீனியர் ரீடிங்கைக் காப்பி அடிப்போமே, அதேதான். ஒவ்வொரு அடுக்கின் கனத்தையும் அதன் வெப்பம் கடத்தும் திறனால் வகுத்தால் அந்த அடுக்கின் தடை கிடைக்கும். அடுக்கடுக்காகத் தடைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஓக் மரத்துக்குக் கடத்துதிறன் சுமார் 0.17, கார்க்குக்குச் சுமார் 0.04. அதாவது 10 செ.மீ. கார்க் செய்கிற வேலைக்கு 40 செ.மீ.க்கு மேல் ஓக் வேணும். இரும்போ சுமார் 50, அதைப் பற்றிப் பேசவே வேணாம். கார்க், கம்பளி, முடி மூன்றிலும் உண்மையில் வேலை செய்வது அவற்றுக்குள் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும் காற்று. காற்றுக்கு யாரும் காசு கேட்கிறதில்லை.

முடிவு என்ன தெரியுமா? வெளியே மைனஸ் 30 டிகிரி இருந்தபோதும் கூடத்தில் அடுப்பைப் பற்றவைக்காமல் ஒரு விளக்கை மட்டும் ஏற்றி வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருந்ததாக நான்சென் குறித்து வைத்திருக்கிறார். அடுப்பு இடத்தை அடைக்கிறது, கழற்றிவிடலாமா என்று கூட அவருக்குத் தோன்றியிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷன் உடம்பே சுமார் 100 வாட் வெப்பம் கொடுக்கும். 13 பேருக்கு 1.3 கிலோவாட். சாதாரண ரூம் ஹீட்டர் அளவு அது. ஒழுகாத பெட்டிக்குள் அதுவும் பெரிய வெப்பம்தான்.

இங்க ஒரு ட்விஸ்ட் இருக்கு. இவ்வளவு இறுக்கமா மூடினா உள்ளே இருக்கிறவங்க மூச்சும் ஈரமும் எங்கே போகும்? எங்க பெட்டியில் இதே தப்பைத்தான் செஞ்சோம். தென்னை நாரைச் சுத்தி அடைச்சு, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி மூடினோம். 52 டிகிரி வந்துச்சு. ஒரே கொண்டாட்டம். மறுநாள் திறந்து பார்த்தா இலை காயல, வெந்து கறுத்துப் போயிருந்துச்சு. ஈரம் வெளியே போக வழியே இல்லை. முதல் ரிவ்யூவுக்கு அதுக்கப்புறம் நாலே நாள்தான்.

நான்சென் இதை மறக்கவில்லை. ஃப்ராமில் காற்றோட்டத்துக்குத் தனி வழி வைத்திருந்தார். பாய்த்துணியால் ஒரு காற்றுவாங்கியைக் கட்டி, வெளிக்காற்றை நேராகக் குழாய்க்குள் இறக்கினார்கள். அவ்வளவு குளிர்ந்த காற்று உள்ளே வந்தும் கூடம் வெதுவெதுப்பாகவே இருந்தது. ஏன்னா காற்று எங்கே வரணும், எவ்வளவு வரணும் என்பது அவர் கையில் இருந்தது. இடுக்கு வழியாகத் திருட்டுத்தனமா வரல. அடுப்பு எரியும்போது சுவரில் ஈரமே தெரியவில்லை, தூங்கும் அறைகளில் கூட. வெளிச்சத்துக்கு மேல்தளத்தில் ஒரு காற்றாலை நிறுத்தி, டைனமோ சுற்றி, மின்விளக்கு எரித்தார்கள். 1890-களில்! ஆனால் அதன் பற்சக்கரங்கள் தேய்ந்து, பயணம் முடியும் முன்பே காற்றாலை ஓய்ந்துவிட்டது. சுழல்கிற பாகம் எதுவும் இல்லாத கார்க் மட்டும் கடைசி வரைக்கும் வேலை செய்தது.

1893 ஜூனில் கிளம்பிய ஃப்ராம், செப்டம்பரில் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் மாட்டியது. நினைத்தபடியே நகர்ந்தது, ஆனால் நினைத்த வழியில் இல்லை. துருவத்தைத் தொடாமல் ஒதுங்கிப் போகும் என்று தெரிந்துவிட்டது. நான்சென் அந்த வெதுவெதுப்பான கூடத்தை விட்டு வெளியே போக முடிவெடுத்தார். 1895 மார்ச் 14-ம் தேதி, ஹியால்மர் யோஹான்செனுடன், நாய்கள் இழுக்கும் வண்டிகளோடு வடக்கே புறப்பட்டார். திரும்பி வரும்போது கப்பல் அங்கே இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வெப்பத்தில் இவ்வளவு கெட்டிக்காரர் இங்கே சறுக்கினார். ஓநாய்த்தோல் உடைகள் ரொம்பச் சூடு, வேர்க்கிறது என்று கப்பலிலேயே விட்டுவிட்டுக் கம்பளி உடையில் கிளம்பினார்கள். பகலில் வண்டி இழுத்து வேர்க்கும். அந்த வேர்வை துணியிலேயே உறையும். உடை பனிக்கவசம் மாதிரி விறைத்து, சட்டைக் கை விளிம்பு மணிக்கட்டை அறுத்துப் புண்ணாக்கியது. ராத்திரி தூங்கும் பைக்குள் தங்கள் உடம்புச் சூட்டிலேயே அதை உருக்க வேண்டியிருந்தது. காலையில் மறுபடி உறையும். மறுபடியும் ஈரம்தான் வில்லன். 86 டிகிரி 14 நிமிடம் வடக்கு வரை போனார்கள். அதுவரை மனுஷன் யாரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. அதுக்கு மேல் பனிக்கட்டி மேடு மேடாகக் கிடந்தது. ஏப்ரலில் திரும்பினார்கள்.

அந்தக் குளிர்காலத்தை ஃபிரான்ஸ் ஜோசஃப் லேண்ட் தீவுக்கூட்டத்தில் ஒரு குழியில் கழித்தார்கள். கல்லையும் பாசியையும் அடுக்கிச் சுவர். கரையில் ஒதுங்கிய ஒரு மரத்தை நடுவில் போட்டு, மேலே வால்ரஸ் தோல். வண்டியில் இருந்த உலோகத் தகட்டின் ஓரங்களை மடக்கி விளக்கு, மருந்துப்பெட்டிக் கட்டுத்துணியில் திரி, எண்ணெய்க்கு வால்ரஸ் கொழுப்பு. சுவர் ஓரமெல்லாம் பனி படர்ந்திருக்கும், நடுவில் ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி. காலையில் வேகவைத்த கரடிக் கறி, மாலையில் வறுத்த கரடிக் கறி. சுமார் ஒன்பது மாசம். இரண்டு பேருக்கும் எடை கூடித்தான் போனது! ஃப்ராமின் கூடத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் பாடம் அதேதான்: சின்ன இடம், தடித்த கூரை, சின்ன விளக்கு.

1896 ஜூனில் இன்னொரு சோதனை. கரையில் கட்டியிருந்த கயாக் படகுகள் கயிறு அவிழ்ந்து மிதந்து போயின. அவர்களின் சாப்பாடு, துப்பாக்கித் தோட்டா எல்லாம் அதில்தான். நான்சென் உறைபனித் தண்ணீரில் குதித்து நீந்தினார். கைகால் மரத்துப்போகும் நிலையில் படகைப் பிடித்துவிட்டார். ஏற முடியாமல் தவித்து, எப்படியோ காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். சில நாளில் ஃபிரடெரிக் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பயணியைத் தற்செயலாகச் சந்தித்தார்கள். ஆகஸ்டில் நார்வே. அதே மாசம் ஃப்ராமும் பனியிலிருந்து விடுபட்டு வந்து சேர்ந்தது. போன 13 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

மீதி வாழ்க்கையை வேகமாகச் சொல்லிடறேன். கடலியல் பேராசிரியர் ஆனார், லண்டனில் நார்வேயின் தூதராக இருந்தார். முதல் உலகப்போர் முடிந்து, பல நாடுகளில் சிக்கிக் கிடந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை ஊருக்கு அனுப்பும் பொறுப்பை 1920-ல் சர்வதேச சங்கம் அவரிடம் கொடுத்தது. அங்கேயும் பணம் இழுபறிதான். செய்து முடித்தார். நாடே இல்லாமல் போன அகதிகளுக்கு ஒரு அடையாள ஆவணம் உருவாக்கினார், நான்சென் பாஸ்போர்ட் என்றே அதுக்குப் பேர். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. இசைக்கலைஞர் ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் ஷாகாலும் அதை வைத்திருந்தவர்கள்தான். 1922-ல் அமைதிக்கான நோபல் பரிசு. பரிசுப் பணத்தை நிவாரண வேலைக்கே கொடுத்தார். 1930 மே 13-ம் தேதி காலமானார். ஃப்ராம் இன்னைக்கும் ஆஸ்லோவில் ஒரு மியூசியத்துக்குள் முழுசா நிற்கிறது.

ஐரோப்பாவில் இப்பவும் நிறைய பேர் சின்னப் படகுகளிலேயே குடியிருக்காங்க. டீசலில் எரிந்து, ஃபேன் வைத்து, குழாய் வழியாகச் சூடான காற்றை அறைக்குள் தள்ளும் ஹீட்டர்தான் அவங்களுக்கு வழக்கம். அறை சூடாகலேன்னா உடனே பெரிய ஹீட்டர் வாங்கத் தோணும், நமக்குத் தோணின மாதிரியே. நான்சென் வழியில் யோசிச்சா முதல் வேலை வேற. காற்றுக் குழாய்க்கு உறை போடு, தேவையில்லாத வளைவை எடு. ஹீட்டர் எப்பவும் வெளிக்குளிரையே இழுத்துச் சூடாக்காம, அறையில் ஏற்கெனவே வெதுவெதுப்பான காற்றையும் திரும்ப எடுத்துச் சூடாக்கட்டும். படகின் பக்கத்துக்கு உள்ளே ஒரு அடுக்கு, ஜன்னலுக்கு இன்னொரு கண்ணாடி. ஆனா காற்றோட்டத் துளையை மட்டும் அடைக்கக் கூடாது. எரியறதுக்கான காற்றும் புகையும் அறைக் காற்றோடு கலக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். இதில் கஞ்சத்தனம் பண்ணா உயிர் போயிடும்.

எங்க பெட்டி என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? தென்னை நார் 150 ரூபாய், பிளைவுட் துண்டு சும்மா கிடைச்சுது. மேல் மூலையில் மூடித் திறக்கிற மாதிரி ஒரு ஓட்டை போட்டோம். ஓட்டையைக் கால்வாசி திறந்து வெச்சா 49 டிகிரி நின்னுச்சு, இலை பச்சையாவே காய்ஞ்சுது. அதே பழைய காயில்தான். 700 ரூபாயில் பாதிக்கு மேல மிச்சம். ரிவ்யூவுல 50 ஏன் வரலைன்னு ஒரு சார் கேட்டார். ஓட்டையைக் காட்டினோம். அப்புறம் அடுத்த டீமைக் கூப்பிட்டுட்டார்.

உங்க ப்ராஜெக்டும் இப்போ எங்கேயாவது 41-லேயே நிக்குதுன்னா, புதுசா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெளிப்பக்கம் கை வெச்சுப் பாருங்க. மே மாசம் வைவாவில் சந்திப்போம்.